வானலையைக் கோப்பில் பிடிப்பது எப்படி? கையடக்க ரேடியோ பதிவுக் கருவிகளுக்கான மென்பொருள் வழிகாட்டி

வானொலி நிகழ்ச்சியை ஒலிப்பதிவு செய்வது வேறு, வானலையையே பதிவு செய்வது வேறு. முதலாவதில் ஒரே ஒரு நிலையத்தின் பேச்சும் பாட்டும் கிடைக்கும். இரண்டாவதில், ஆன்டெனாவுக்கு வந்து சேர்ந்த அலைகளில் ஒரு பட்டை முழுவதும், அதிலுள்ள எல்லா நிலையங்களோடும் இரைச்சலோடும் எண்களாகக் கோப்பில் இறங்கிவிடும். எந்த நிலையத்தைக் கேட்பது என்பதை வீட்டுக்கு வந்த பிறகு முடிவு செய்துகொள்ளலாம். ஒரே கோப்பை நான்கு மென்பொருள்களிடம் கொடுத்து எது நன்றாகப் படிக்கிறது என்று பார்க்கலாம். தேவைப்பட்டால் கேபிள் வழியாக ஒரு ரிசீவருக்குள் அதே அலையைத் திரும்பச் செலுத்திச் சோதிக்கலாம்.

வாகனங்களுக்கான நேவிகேஷன் கருவிகளைத் தயாரிப்பவர்கள் லேப்சாட் போன்ற விலை உயர்ந்த பெட்டிகளை வைத்துச் செய்வதும் இதுதான். செயற்கைக்கோள் சிக்னலைச் சாலையில் ஒரு முறை பதிந்துகொண்டு, ஆய்வகத்தில் அதே பயணத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் ரிசீவருக்கு ஊட்டுகிறார்கள். அந்த அளவுக்குச் செலவு செய்ய முடியாத கல்லூரி மாணவர்களும் பொழுதுபோக்காக இறங்குபவர்களும் சிறிய டாங்கிளும் இலவச மென்பொருளும் கொண்டு எப்படித் தொடங்கலாம் என்பதைச் சென்னையை வைத்தே சொல்கிறேன்.

எந்த மென்பொருள் நல்லது என்பதுதான் புதியவர்கள் கேட்கும் முதல் கேள்வி. என்னைக் கேட்டால் அதற்கு இரண்டாம் இடம்தான். பதிவாகும் நேரத்தில் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) கூடிப்போய் அலை வெட்டுப்பட்டிருந்தால், அல்லது எந்த அதிர்வெண்ணில் எந்த வேகத்தில் பதிந்தோம் என்பது தொலைந்துபோயிருந்தால், பிறகு எவ்வளவு நல்ல மென்பொருள் வந்தாலும் பயனில்லை. அதனால் இங்கே ஓட்டுவதைவிடப் பதிவதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கருவி

தொடக்கத்துக்கு ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் போதும். கணினியில் டிவி பார்ப்பதற்கென்று வந்த யூஎஸ்பி டாங்கிள்தான் இது. இதிலுள்ள ஆர்டிஎல்2832யூ சிப்பிலிருந்து பதப்படுத்தாத சாம்பிள்களை, அதாவது அலையை விநாடிக்குப் பல லட்சம் முறை அளந்த எண்களை, நேரடியாக உருவ முடியும் என்பது 2012 வாக்கில் பரவலாகத் தெரியவந்தது. அன்றிலிருந்து உலகம் முழுவதும் ஆர்வலர்கள் இதைப் பொதுப் பயன்பாட்டு ரிசீவராக மாற்றிக்கொண்டார்கள். சுமார் 24 முதல் 1,766 மெகாஹெர்ட்ஸ் வரை பிடிக்கும். அலையை வாங்க மட்டுமே தெரியும், அனுப்பத் தெரியாது. புதியவருக்கு இது நல்லதே. கைதவறிக்கூட எதையும் ஒலிபரப்பிவிட முடியாது.

அடுத்த படி ஹேக்ஆர்எஃப் ஒன். 1 மெகாஹெர்ட்ஸிலிருந்து 6 கிகாஹெர்ட்ஸ் வரை எட்டும். வாங்கும், அனுப்பவும் செய்யும், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான். இதன்மேல் போர்ட்டாபேக் என்ற திரையும் பொத்தான்களும் கொண்ட பலகையைப் பொருத்தினால் லேப்டாப் இல்லாமலே கையில் எடுத்துக்கொண்டு போகலாம்.

கேபிள், கனெக்டர், இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம், சிக்னலின் வலுவைக் குறைக்கும் அட்டென்யூவேட்டர் போன்ற சில்லறைச் சாமான்களுக்குச் சென்னை ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கினால் போதும். ஒன்றை மட்டும் கடையிலேயே பார்த்துவிடுங்கள். எஸ்எம்ஏ, ஆர்பி-எஸ்எம்ஏ என்ற இரண்டு கனெக்டர்களும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஒன்றோடொன்று திருகிக்கொள்ளவும் செய்யும். ஆனால் ஆர்பி வகையில், நடுவில் ஊசி இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை இருக்கும். வைஃபை ரவுட்டர் ஆன்டெனாக்கள் பலவற்றில் இருப்பது ஆர்பி வகை. அதை டாங்கிளில் மாட்டினால் இறுக்கமாக உட்காரும், சிக்னல் மட்டும் வராது. வீட்டிலிருந்து டாங்கிளைக் கொண்டுபோய்க் கடையிலேயே மாட்டிப் பார்த்து வாங்குவது உத்தமம்.

டிரைவரும் முதல் சோதனையும்

விண்டோஸில் டாங்கிளைச் செருகியதும் அது தன்னை டிவி ட்யூனர் என்றே சொல்லிக்கொள்ளும். ஸாடிக் என்ற சிறு மென்பொருளைத் திறந்து, எல்லாச் சாதனங்களையும் காட்டும்படி செய்து, பல்க்-இன் இன்டர்ஃபேஸ் 0 என்பதைத் தேர்ந்தெடுத்து, வின்யூஎஸ்பி டிரைவரை நிறுவ வேண்டும். பட்டியலில் உங்கள் கீபோர்டும் மவுஸும்கூட இருக்கும். அவசரத்தில் அவற்றைத் தேர்ந்தெடுத்தால் அவை வேலை செய்வதை நிறுத்திவிடும். பெயரை இரண்டு முறை படித்துவிட்டு அழுத்துங்கள்.

லினக்ஸில் சிக்கல் வேறு மாதிரி. அதன் மையப் பகுதியான கர்னலே முந்திக்கொண்டு டிவி டிரைவரை ஏற்றிவிடும். அந்தத் தொகுதியைத் தடைப்பட்டியலில் சேர்த்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு டிராகன்ஓஎஸ் இருக்கிறது. ரேடியோ மென்பொருள்களை முன்கூட்டியே நிறுவி வைத்த லினக்ஸ் அது. பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம்.

டிரைவர் சரியானதும் டாங்கிளின் மென்பொருள் தொகுப்போடு வரும் ஆர்டிஎல்-டெஸ்ட் நிரலை, விநாடிக்கு 24 லட்சம் சாம்பிள் வேகத்தில் ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். பைட்டுகள் தொலைந்தன என்ற செய்தி அடிக்கடி வந்தால் யூஎஸ்பி கேபிளை மாற்றுங்கள், ஹப்பை நீக்குங்கள், வேகத்தைக் குறையுங்கள். சாம்பிள் தொலைந்த பதிவைக் காதால் கேட்டால் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். டிஜிட்டல் சிக்னல் என்றால் அந்த இடத்தில் பாக்கெட் உடைந்துவிடும், காரணமும் புரியாது. வெளியே எடுத்துப்போகும் முன் இந்தச் சோதனையை முடித்துவிட்டால் பிற்பாடு நிம்மதி.

முதல் பதிவு: மூன்று நிலையங்கள், ஒரே கோப்பு

எஸ்டிஆர் பிளஸ் பிளஸ் என்ற மென்பொருளைப் பரிந்துரைக்கிறேன். இலவசம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். ஆண்ட்ராய்டு போனில் ஓடிஜி கேபிள் மாட்டியும் ஓட்டலாம். திரையின் மேல்பாதியில் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலு என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் கோடு, கீழ்ப்பாதியில் அது நேரத்தோடு மாறுவதைக் காட்டியபடி வழிந்து இறங்கும் வாட்டர்ஃபால், இடப்பக்கம் அமைப்புகள்.

பயிற்சிக்கு எஃப்எம் பட்டையைவிட நல்ல இடம் கிடையாது. சென்னையில் தனியார் நிலையங்கள் 91.1, 91.9, 92.7, 93.5 என்று 0.8 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் வரிசையாக நிற்கின்றன. 24 லட்சம் சாம்பிள் வேகத்தில் பதிந்தால் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலம் கிடைக்கும். இங்கே சாம்பிள் ஒவ்வொன்றும் ஐ, க்யூ என்ற இரண்டு எண்களின் ஜோடி என்பதால் சாம்பிள் வேகமும் பட்டையின் அகலமும் ஒன்றாகவே இருக்கின்றன. அப்படியானால் மூன்று நிலையங்களை ஒரே கோப்பில் அடக்கிவிடலாம் அல்லவா? அடக்கலாம், மைய அதிர்வெண்ணை எங்கே வைக்கிறோம் என்பதில் கவனம் இருந்தால்.

92.3-இல் மையத்தை வைத்தால் 91.9-உம் 92.7-உம் நன்றாக விழும். ஆனால் 91.1-உம் 93.5-உம் மிகச் சரியாகப் பட்டையின் இரு ஓரங்களில் போய் உட்கார்ந்து பாதி பாதியாக அறுபடும். சரி, 92.7-இலேயே மையத்தை வைத்தால்? மூன்றும் உள்ளே வரும். ஆனால் பட்டையின் நடுவில் பல கருவிகளில் ஒரு போலிக் கூர்முனை நிற்கும். கருவிக்குள்ளேயே பிறக்கும் நேர்மின் கசிவு அது. ஹேக்ஆர்எஃப்பில் பளிச்சென்று தெரியும், ஆர்டிஎல் டாங்கிளில் குறைவு. அதை ஒரு நிலையத்தின் தலையில் கொண்டுபோய் வைக்க வேண்டாம். 92.55-இல் வைத்துப் பாருங்கள். பட்டை 91.35-இலிருந்து 93.75 வரை விரியும். 92.7 மையத்திலிருந்து சற்று விலகி நிற்கும், 91.9-உம் 93.5-உம் இரு பக்கமும் உள்ளே வந்துவிடும். 93.5 ஓரத்துக்கு நெருக்கமாக இருப்பதால் அங்கே வலு கொஞ்சம் சரியும், கேட்பதற்குப் பாதகமில்லை. பட்டையின் இரு ஓரங்களிலும் பத்து சதவீதத்தை நம்பக் கூடாது என்பது பொதுவான கணக்கு.

இனி, இடப்பக்கத்திலுள்ள ரெக்கார்டர் பகுதியில் ஆடியோ, பேஸ்பேண்ட் என்ற இரண்டு தேர்வுகள் இருக்கும். நமக்கு வேண்டியது பட்டை முழுவதையும் சேமிக்கும் பேஸ்பேண்ட். சாம்பிள் வகையை 8 பிட் என்று வையுங்கள். டாங்கிள் தருவதே 8 பிட்தான். 32 பிட்டில் சேமித்தால் கோப்பு நான்கு மடங்கு பெருக்குமே தவிரத் தகவல் கூடாது. ஒரு நிமிடம் பதிந்துவிட்டு நிறுத்துங்கள்.

பிறகு மேலே சோர்ஸ் என்ற இடத்தில் டாங்கிளுக்குப் பதில் ஃபைல் என்று மாற்றி, அந்தக் கோப்பைத் திறந்து ஓட்டுங்கள். டாங்கிளைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு 91.9-இல் ஒரு கிளிக், 93.5-இல் ஒரு கிளிக். அதே நிமிடத்தில் மூன்று நிலையங்களிலும் என்ன போய்க்கொண்டிருந்தது என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கலாம். ஒலிப்பதிவுக்கும் அலைப்பதிவுக்கும் உள்ள தூரம் இங்கேதான் உறைக்கும்.

கெயின்: இங்கே அவசரப்படாதீர்கள்

ஆர்டிஎல் டாங்கிளில் ட்யூனர் கெயின் 0-இலிருந்து 49.6 டெசிபல் வரை படிப்படியாக ஏறும். முதலில் ஏஜிசி என்ற தானியங்கிக் கட்டுப்பாட்டை அணைத்துவிடுங்கள். கேட்பதற்கு அது வசதி, பதிவுக்கு எதிரி. பக்கத்தில் வலுவான சிக்னல் ஒன்று எழுந்ததும் அது மொத்த அளவையும் கீழே இறக்கும், பிறகு ஏற்றும். அந்த ஏற்ற இறக்கம் கோப்பில் நிரந்தரமாகப் படிந்துவிடும்.

கெயினை 0-இல் தொடங்குங்கள். பட்டையில் தெரியும் நலிந்த நிலையம் ஒன்றைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். தொடக்கத்தில் சிக்னலின் முகடு உயரும், அடியில் கிடக்கும் இரைச்சல் தரை அப்படியே இருக்கும். ஒரு கட்டத்துக்குப் பிறகு முகடும் தரையும் சேர்ந்தே உயரத் தொடங்கும். அதற்குமேல் ஏற்றுவதில் லாபமில்லை. ஒரு படி பின்வாங்கி நிறுத்துங்கள்.

8 பிட்டில் அடங்குவது சுமார் 50 டெசிபல் ஏற்றத்தாழ்வு மட்டுமே. நகரத்துக்குள், அதிலும் உயரமான மாடியில், எஃப்எம் நிலையங்கள் மிகுந்த வலுவோடு வந்து விழும். கெயின் அளவை மீறிப்போனதற்கான அடையாளங்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: எந்த நிலையமும் இல்லாத இடத்தில் அதே பாட்டு மங்கலாகக் கேட்கும், வாட்டர்ஃபாலில் புதுப்புதுக் கோடுகள் முளைக்கும், கெயினை ஒரு படி இறக்கினால் அந்தக் கோடுகள் சட்டென்று காணாமல் போகும். உண்மையான நிலையம் கொஞ்சம்தான் மங்கும், போலி நிலையம் மறைந்தேவிடும். விமானங்கள் தம்மைப் பற்றிய தகவலை அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் போல எஃப்எம்முக்கு அப்பாற்பட்ட எதையாவது பதிவதுதான் நோக்கம் என்றால், 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை அடைக்கும் எஃப்எம் தடுப்பு ஃபில்டரை ஆன்டெனாவுக்கும் டாங்கிளுக்கும் நடுவில் மாட்டுங்கள். சென்னைக்கு நான் முதலில் வாங்கச் சொல்லும் துணைக்கருவி அதுதான். விலை உயர்ந்த ஆன்டெனா அதற்குப் பிறகுதான்.

திரையைப் பார்த்து முடிவு செய்ய முடியாதபோது கோப்பையே பிரித்துப் பார்த்துவிடலாம். ஒலித்தொகுப்புக்கான ஆடாசிட்டி இதற்குக் கைகொடுக்கும். வேவ் கோப்பு என்றால் அப்படியே திறக்கும். வெறும் எண் கோப்பு என்றால் 'ரா டேட்டா' இறக்குமதியைத் தேர்ந்தெடுத்து, குறியற்ற 8 பிட், இரண்டு சேனல் என்று சொல்லுங்கள். இடது சேனல் ஐ, வலது சேனல் க்யூ. ஒரு விநாடியின் சிறு துண்டை நன்றாகப் பெரிதாக்குங்கள். அலையின் உச்சிகள் மேலும் கீழும் கோட்டில் முட்டித் தட்டையாக நின்றால் பதிவு வெட்டுப்பட்டுவிட்டது என்று பொருள். நடுவில் மெல்லிய நூலாகக் கிடந்தால் கெயின் போதவில்லை. உயரத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை நிரம்பியிருந்தால் நிம்மதியாக இருக்கலாம். திடீரென எழும் வலுவான சிக்னலுக்கு மீதி இடம் வேண்டும். வெளியே போன இடத்தில் பத்து விநாடி மாதிரிப் பதிவு எடுத்து இப்படிப் பார்த்துவிட்டு, பிறகு நீண்ட பதிவைத் தொடங்குவது நல்ல வழக்கம்.

இரைச்சலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்இடி விளக்கின் டிரைவர், இன்வெர்ட்டர், லிப்ட் மோட்டார் எல்லாமே வானலையில் குப்பை போடும். லேப்டாப் சார்ஜரும் அப்படியே. அதைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டினால் வாட்டர்ஃபாலில் சம இடைவெளியில் நின்ற கோடுகள் கொத்தாக மறைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். டாங்கிளை லேப்டாப்பிலேயே நேராகச் செருகாமல் ஒரு மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்பு கேபிளில் தள்ளி வைத்து, அந்தக் கேபிளில் ஃபெரைட் வளையம் மாட்டினால் இன்னும் கொஞ்சம் அடங்கும்.

சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் டாங்கிள் கையால் தொட முடியாத அளவுக்குச் சூடேறும். சூடு ஏற ஏற மலிவான டாங்கிளின் அதிர்வெண் நகரும். 30 பிபிஎம் (பத்து லட்சத்தில் 30 பங்கு) பிழை என்றால் 100 மெகாஹெர்ட்ஸில் 3 கிலோஹெர்ட்ஸ்தான், எஃப்எம்முக்கு அது தூசு. ஆனால் விமான டிரான்ஸ்பாண்டர்கள் இயங்கும் 1090 மெகாஹெர்ட்ஸில் அதுவே 33 கிலோஹெர்ட்ஸ் ஆகிவிடும். டிசிஎக்ஸ்ஓ என்ற வெப்ப ஈடு செய்யும் படிகம் உள்ள டாங்கிளில் பிழை 1 பிபிஎம் அளவில் நிற்கும். எந்த டாங்கிளானாலும் நிழலில் வைத்து, பதிவைத் தொடங்குவதற்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டுச் சூடு நிலைத்த பிறகு தொடங்குங்கள். பெசன்ட் நகர், மெரினா பக்கம் கடற்காற்றில் பயன்படுத்தினால் கனெக்டர்களைத் துடைத்து மூடி போட்டு வையுங்கள். உப்பு சீக்கிரம் வேலையைக் காட்டும்.

கோப்பு எவ்வளவு பெருக்கும்?

24 லட்சம் சாம்பிள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட். விநாடிக்கு 4.8 எம்பி, நிமிடத்துக்கு 288 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 17 ஜிபிக்கு மேல். அதையே 32 பிட் எண்களாகச் சேமிக்கும் மென்பொருளில் மணிக்கு 69 ஜிபி. ஹேக்ஆர்எஃப்பை அதன் முழு வேகமான விநாடிக்கு 2 கோடி சாம்பிளில் ஓட்டினால் விநாடிக்கு 40 எம்பி. யூ3 என்று அச்சிட்ட மெமரி கார்டு உறுதி தருவதே விநாடிக்கு 30 எம்பிதான், ஆகவே அங்கே எஸ்எஸ்டி வேண்டும்.

பென்டிரைவும் கார்டும் ஃபேட்32 முறையில் இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் வளராது. மேலே சொன்ன வேகத்தில் பதினைந்து நிமிடம் ஆவதற்குள் பதிவு நின்றுவிடும். எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பழைய வேவ் வடிவத்துக்கும் அதே 4 ஜிபி வரம்பு உண்டு என்பதால் நீண்ட பதிவுகளைத் துண்டு துண்டாக எடுப்பதே பாதுகாப்பு. தேவைக்கு மேல் அகலமாகப் பதியாமல் இருந்தால் இந்தக் கவலையே பாதி குறையும். ஒரே ஒரு எஃப்எம் நிலையத்துக்கு விநாடிக்கு இரண்டரை லட்சம் சாம்பிள் போதும்.

பெயரை மாற்றாதீர்கள்

வெறும் எண் கோப்புக்குள் அதிர்வெண்ணும் கிடையாது, வேகமும் கிடையாது. அந்த விவரத்தைப் பல மென்பொருள்கள் கோப்பின் பெயரிலேயே எழுதி வைக்கின்றன. எஸ்டிஆர் பிளஸ் பிளஸ் எழுதும் பெயரில் அதிர்வெண் ஹெர்ட்ஸில் இருக்கும், திரும்ப ஓட்டும்போது அதைப் படித்துத்தான் மையத்தை அமைத்துக்கொள்ளும். ஜிக்யூஆர்எக்ஸ் என்ற இன்னொரு ரிசீவர் மென்பொருள் தேதி, நேரம், அதிர்வெண், வேகம் எல்லாவற்றையும் பெயரில் சேர்க்கும். வயர்லெஸ் வீட்டுச் சாதனங்களின் சிக்னலைப் படிக்கும் ஆர்டிஎல்-433 மென்பொருளும் பெயரைப் பார்த்தே புரிந்துகொள்ளும். அழகாக இருக்கட்டும் என்று 'மாடிப் பதிவு 2' என மாற்றினால் அந்தத் தகவல் போய்விடும். பெயரின் இறுதியில் நமக்கு வேண்டியதைச் சேர்க்கலாம், இருப்பதை அழிக்கக் கூடாது.

இதைவிட ஒழுங்கான வழி சிக்எம்எஃப். க்னூ ரேடியோ என்ற இலவச ரேடியோ மென்பொருளின் சமூகத்தில் உருவான திறந்த முறை இது. எண்கள் ஒரு கோப்பிலும் விவரங்கள் பக்கத்தில் இன்னொரு உரைக் கோப்பிலும் இருக்கும். எண்ணின் வகை, சாம்பிள் வேகம், மைய அதிர்வெண், தொடங்கிய நேரம் ஆகியவற்றோடு, எந்த இடத்தில் என்ன சிக்னல் வந்தது என்ற குறிப்பையும் சேர்க்கலாம். சாதாரண எடிட்டரில் திறந்து கையாலேயே எழுதலாம். நான் அதில் கெயின், ஆன்டெனா, இடம் மூன்றையும் சேர்த்தே எழுதுகிறேன். ஆறு மாதம் கழித்துக் கோப்பைத் திறக்கும்போது அது வேளச்சேரி மாடியா பரங்கிமலை உச்சியா என்பதை வேறு எதுவும் சொல்லாது.

திரையில் ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்கள்

கேட்பதற்கு எஸ்டிஆர் பிளஸ் பிளஸ், ஜிக்யூஆர்எக்ஸ், விண்டோஸில் எஸ்டிஆர் ஷார்ப் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று போதும். மூன்றையும் நிறுவி ஒப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

சிக்னலின் உடலமைப்பைப் பார்க்க வேண்டுமென்றால் இன்ஸ்பெக்ட்ரம். அதில் கோப்பு ஓடாது, வரைபடமாக விரியும். சுருளை இழுப்பதுபோல நகர்த்தி, ஒரு துடிப்பு எத்தனை மைக்ரோவிநாடி நீள்கிறது என்று கோடு போட்டு அளக்கலாம். உங்கள் வீட்டு வயர்லெஸ் காலிங்பெல் அல்லது வெப்பமானியின் 433.92 மெகாஹெர்ட்ஸ் சிக்னலைப் பதிந்து இதில் திறந்தால் ஒன்றும் பூஜ்யமும் கண்ணுக்கே தெரியும். அதே கோப்பை ஆர்டிஎல்-433-இடம் கொடுத்தால், அதற்குத் தெரிந்த சாதனமாக இருந்தால் வெப்பநிலையை எழுத்தாகவே சொல்லிவிடும். யுனிவர்சல் ரேடியோ ஹேக்கரும் இந்த வேலையைச் செய்யும், பிட்டுகளை ஒப்பிட அது வசதியானது.

க்னூ ரேடியோவைப் பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். கட்டங்களைக் கோடு போட்டு இணைத்து நமக்கு வேண்டிய ரிசீவரை நாமே கட்டலாம். இதில் புதியவர்கள் வழுக்கும் இடம் திராட்டில் என்ற கட்டம். கோப்பிலிருந்து எடுத்துத் திரையில் மட்டும் காட்டும்போது அது வேண்டும், இல்லாவிட்டால் கணினி ஒரு நிமிடப் பதிவை இரண்டே விநாடியில் விழுங்கிவிடும். டாங்கிளோ ஹேக்ஆர்எஃப்போ இணைந்திருந்தால் அந்தக் கருவியே வேகத்தைத் தீர்மானிக்கும், அப்போது திராட்டில் இருக்கக் கூடாது. இன்னொன்று: திரையில் இடப்பக்கம் இருக்க வேண்டிய நிலையம் வலப்பக்கம் தெரிந்தால் ஐ-யும் க்யூ-வும் இடம் மாறியிருக்கின்றன.

போர்ட்டாபேக் வைத்திருப்பவர்கள் மேஹம் ஃபர்ம்வேரில் கேப்சர், ரீப்ளே என்ற இரண்டு செயலிகளைப் பயன்படுத்துவார்கள். பதிவு சி16 கோப்பாகவும், அதன் அதிர்வெண்ணும் வேகமும் பக்கத்தில் ஓர் உரைக் கோப்பாகவும் கார்டில் சேரும். இரண்டையும் சேர்த்தே நகலெடுங்கள். பதியும்போது திரையில் தவறவிட்ட சாம்பிள்களின் சதவீதம் காட்டப்படும். அது பூஜ்யத்தைத் தாண்டினால் அகலத்தைக் குறையுங்கள் அல்லது கார்டை மாற்றுங்கள்.

கேபிளுக்குள் திரும்பச் செலுத்துவது

ரீப்ளே பொத்தானைத் தொடும் முன் சட்டத்தைப் பார்த்துவிடலாம். இந்தியாவில் உரிமமில்லாமல் அலையை அனுப்புவது பொதுவாகக் குற்றம். 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் கருவியை வைத்திருப்பதற்கே உரிமம் கேட்டது. அதன் இடத்தையும் 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் இடத்தையும் தொலைத்தொடர்புச் சட்டம் 2023 எடுத்துக்கொள்கிறது. அலைவரிசை உரிமங்களைத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு கவனிக்கிறது. அனுப்பும் திறனுள்ள கருவியை வாங்கும் முன் அவர்களுடைய நடப்பு விதிகளைப் படியுங்கள். தேர்வு எழுதி அமெச்சூர் உரிமம் பெற்றால் வியூ2 அல்லது வியூ3 என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். ஆனால் அதுவும் அமெச்சூர் பட்டைகளுக்குள் மட்டும்தான், எஃப்எம் நிலையத்தை மறுஒலிபரப்பு செய்ய அல்ல. பிறருடைய தனிப்பட்ட உரையாடலைப் பதிவதும், பிறர் கார் சாவியின் சிக்னலைப் பிடித்து விளையாடுவதும் பேச்சுக்கே இடமில்லாதவை.

ஆகவே மறுசெலுத்தல் என்றால் ஆன்டெனா இல்லாமல், கேபிளுக்குள் மட்டும். ஹேக்ஆர்எஃப்பின் வெளியீட்டிலிருந்து 30 டெசிபல் அட்டென்யூவேட்டர் இரண்டு, அதன் பிறகு ஆர்டிஎல் டாங்கிள். ஹேக்ஆர்எஃப் 0 டிபிஎம் (ஒரு மில்லிவாட்) அனுப்பினால் டாங்கிளுக்கு மைனஸ் 60 டிபிஎம் சேரும். எஃப்எம் ரிசீவருக்கு அது தாராளம். அட்டென்யூவேட்டர் இல்லாமல் நேராக இணைத்தால் ரிசீவர் செத்துப்போகலாம். ஹேக்ஆர்எஃப்பே வாங்கும்போது மைனஸ் 5 டிபிஎம்முக்கு மேல் தாங்காது. உள்ளிருக்கும் ஆம்ப்ளிஃபயரை அணைத்தே வையுங்கள், அனுப்பும் கெயினைக் குறைந்த அளவில் தொடங்குங்கள். மெல்லிய மலிவுக் கேபிள் அலையைக் கசியவிடும், நல்ல உறையுள்ள குட்டைக் கேபிளே நல்லது.

ஆர்டிஎல் டாங்கிளில் பதிந்த வெறும் எண் கோப்பை அப்படியே ஹேக்ஆர்எஃப்பிடம் கொடுத்தால் இரைச்சல்தான் வரும். டாங்கிள் 0 முதல் 255 வரை குறியற்ற எண்களாக எழுதுகிறது, ஹேக்ஆர்எஃப் மைனஸ் 128 முதல் 127 வரை எதிர்பார்க்கிறது. ஒவ்வொரு எண்ணிலிருந்தும் 128-ஐக் கழிக்க வேண்டும். சாக்ஸ் என்ற ஒலிமாற்றி மென்பொருளிடம் இரண்டு சேனல் குறியற்ற 8 பிட்டைக் குறியுள்ள 8 பிட்டாக மாற்றச் சொன்னால் முடிந்தது. வேகத்தையும் அதிர்வெண்ணையும் பதிந்தபடியே கொடுங்கள்.

ஜிபிஎஸ்ஸை மட்டும் இந்த விளையாட்டில் சேர்க்காதீர்கள். தரைக்கு வந்து சேரும் ஜிபிஎஸ் சிக்னலின் வலு மைனஸ் 130 டிபிஎம் அளவுதான். கனெக்டர் இடுக்கில் கசியும் துளி அலையே பக்கத்து ரிசீவர்களைக் குழப்பப் போதுமானது. மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்கும் ஊரில் இருக்கிறோம்.

அடுத்து எதைப் பதியலாம்

பழைய வழிகாட்டிகள் நோவா வானிலைச் செயற்கைக்கோள்களைப் பதியச் சொல்லும். நோவா 15, 18, 19 மூன்றும் 2025இல் ஓய்வுபெற்றுவிட்டன, தேடி ஏமாற வேண்டாம். ரஷ்யாவின் மெட்டியோர்-எம் செயற்கைக்கோள்கள் 137.1 அல்லது 137.9 மெகாஹெர்ட்ஸில் படம் அனுப்புகின்றன. 53.4 செ.மீ. நீளமுள்ள இரண்டு கம்பிகளை 120 பாகைக் கோணத்தில் விரித்து, தண்ணீர்த் தொட்டி மறைக்காத மொட்டைமாடியில் கிடைமட்டமாக வைத்தால் ஆன்டெனா தயார். விநாடிக்கு 10.24 லட்சம் சாம்பிளில் பதினைந்து நிமிடம் பதிந்தால் 2 ஜிபிக்குள் அடங்கும். அந்தக் கோப்பைச் சாட்-டம்ப் என்ற மென்பொருளிடம் கொடுத்தால் படமாக்கித் தரும்.

கணக்கு பிடித்தவர்களுக்கு, ஜிபிஎஸ் போல இடம் காட்டும் நம் நாட்டுச் செயற்கைக்கோள் அமைப்பான நேவிக் இருக்கிறது. எல்5 பட்டையில் அதன் மையம் 1176.45 மெகாஹெர்ட்ஸ், ஆர்டிஎல் டாங்கிளின் எல்லைக்குள்ளேயே வருகிறது. பொதுப் பயன்பாட்டுச் சிக்னலின் அகலமும் சுமார் 2 மெகாஹெர்ட்ஸ்தான் என்பதால் 24 லட்சம் சாம்பிள் போதும். ஜிபிஎஸ்ஸின் எல்5 சிக்னல் அதைவிடப் பத்து மடங்கு அகலம், இந்த டாங்கிளில் அடங்காது. மின்சாரம் தேவைப்படும் ஆக்டிவ் ஆன்டெனா வேண்டும், அதுவும் எல்5-ஐப் பிடிக்கும் வகை. டாங்கிளில் பயஸ்-டீ (கேபிள் வழியே ஆன்டெனாவுக்கு மின்சாரம் தரும் வசதி) இருந்தால் அது சுமார் 4.5 வோல்ட் தரும், ஆன்டெனா அதைத் தாங்குமா என்று பார்த்துவிட்டு இயக்குங்கள். வாட்டர்ஃபாலில் ஒன்றுமே தெரியாது. சிக்னல் இரைச்சலுக்கு அடியில் புதைந்து கிடக்கும், செயற்கைக்கோளின் குறியீட்டோடு ஒப்பிட்டுத் தேடும்போதுதான் வெளியே வரும். ஒரு நிமிடப் பதிவே பல வாரங்களுக்கு வேலை வைக்கும்.